பொருள் வளமும் மக்கள் உரிமையும்

ஒரு நாடு முன்னேறுகின்றது என்று கூறுதற்கு எதனை அளவுகோலாகக் கொள்வது? விளைந்த நெல்லின் மூடைகளையா? கப்பலேறிய தேயிலைப் பெட்டிகளையா? அன்றி, அந்நாட்டிற் பிறந்த குழவி தன் முதலாம் ஆண்டைக் கடந்து உயிர் வாழ்கின்றதா, ஏழையின் பிள்ளைக்கு எழுத்தறிவு கிட்டுகின்றதா, நோயுற்றவன் வைத்தியசாலை வாயிலிற் பணமின்மை காரணமாகத் திருப்பி அனுப்பப்படாதிருக்கின்றானா என்பவற்றையா? நாட்டுக்கு அணிகலன்களாவன இவை என எண்ணுமிடத்து வள்ளுவர் பிணியின்மையை முதலில் வைத்தார். செல்வம், விளைவு, இன்பம், காவல் என்பன அதனைத் தொடர்ந்தே வருகின்றன. செல்வத்தை அவர் இகழ்ந்தாரல்லர். அதனை ஏனையவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணினார். இக்காலப் பொருளியலாளர் நீண்ட விவாதத்தின்பின் வந்தடைந்த கருத்தும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

வளர்முக நாடுகளின் பொருளாதாரம் பற்றிய சிந்தனையிற் பழமையானதொரு வழக்கு உண்டு. முதலிற் செல்வத்தைப் பெருக்குக. உணவு, கல்வி, சுகாதாரம், உறையுள் ஆகியவற்றுக்கான உரிமைகள் பின்னர்த் தாமே வந்துசேரும் என்பர் ஒரு சாரார். மக்களின் அடிப்படை உரிமைகளை நிலைநாட்டுதலே அரசின் முதற் கடன். செல்வத்தை எதிர்நோக்கி அவற்றை ஒத்திவைத்தல் அநீதி என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களையும் ஒரு நாட்டின் வரலாற்றில் வைத்து உரைத்துப் பார்த்தற்கு இலங்கையைப்போற் பொருத்தமான நாடு அரிது. வறிய நிலையிலேயே சமூக உரிமைகள் பலவற்றை வழங்கியமையால் உலகின் கவனத்தைப் பெற்ற இந்நாடு, அவ்வுரிமைகளை ஒரு பகுதியினருக்கு மறுத்த குறையையும், அவற்றைத் தாங்கும் பொருள் வலிமையைப் பேணத் தவறிய குறையையும் ஒருங்கே உடையது.

சமூக பொருளாதார உரிமைகள் என்பன யாவை? 1948ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வெளியிட்ட மனித உரிமைகள் பிரகடனம், தொழில், ஓய்வு, போதிய வாழ்க்கைத் தரம், கல்வி ஆகியவற்றைப் பேச்சுரிமை முதலியவற்றோடு ஒருங்கு வைத்துக் கூறிற்று. 1966இல் இவை தனியொரு சர்வதேச உடன்படிக்கையாக உருப்பெற்றன. அவ்வுடன்படிக்கை 1976இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1980இல் அதில் இணைந்தது. வறிய நாடுகளின் நிலையையும் அது மறந்துவிடவில்லை. ஒவ்வோர் அரசும் தன்னிடமுள்ள வளங்களின் உச்ச அளவுக்கு முயன்று இவ்வுரிமைகளைப் படிப்படியாக முழுமையாக்க வேண்டும் என்பதே அதன் விதி. படிப்படியாக என்ற சொல்லைச் சாட்டாகக் கொண்டு வாளாவிருத்தல் ஆகாது என்பதை உடன்படிக்கையின் குழு 1990இல் விளக்கிற்று. உணவு, அடிப்படை வைத்தியம், உறையுள், ஆரம்பக் கல்வி ஆகியவற்றின் மிகக் குறைந்த அளவையேனும் உடனடியாக உறுதிசெய்தல் எந்த அரசுக்கும் கடமையாம் என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இங்கே தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். தருமம் கொடுப்போன் விருப்பைப் பொறுத்தது. இன்று கொடுத்தவன் நாளை கொடாதுவிடின் அவனைக் கேட்பாரில்லை. உரிமையோ கேட்டுப் பெறுதற்குரியது, மறுக்கப்படின் முறையிடுதற்குரியது. ஆகவே உரிமை நிலைபெறுதற்கு இரண்டு துணைகள் வேண்டும். கேட்கும் வலிமை ஒன்று. கொடுக்கும் வளம் மற்றொன்று. முன்னையதை வாக்கும் சட்டமும் தருகின்றன. பின்னையதைப் பொருளாதார வளர்ச்சி தருகின்றது.

இலங்கையிற் கேட்கும் வலிமையே முதலில் வந்தது. டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931ஆம் ஆண்டில் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆசியாவிலேயே இது முன்னோடியான நிகழ்ச்சியாம். கல்வியும் சொத்தும் உடையோரிடம் மட்டுமே வாக்குக் கேட்டுப் பழகியோர் அதன்பின் குடிசைகளின் படலைகளையும் தட்ட நேர்ந்தது. மூன்றாண்டுகள் கழிந்தபின், 1934-35இல், மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைத் தாக்கி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. வாக்காளரின் துயரத்தை அரசாங்க சபையின் உறுப்பினர் புறக்கணித்தல் இயலாதாயிற்று. கிராமங்கள்தோறும் சிறு வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகின. 1926இற் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை ஏனைய பகுதிகளுக்கும் பரவ, பயிற்சி பெற்ற மருத்துவிச்சிமார் வீடுதேடிச் சென்றனர்.

கல்வியிலும் இதுவே நிகழ்ந்தது. கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் அமைந்த மத்திய பாடசாலைகள் உயர்கல்வியின் வாயிலை ஏழை மாணவருக்குந் திறந்தன. யுத்த காலத்தில், 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு யுத்தம் முடிந்தபின்னும் தொடர்ந்து, வறியோர் அடுப்பில் உலையேறுதற்கு உதவிற்று. இவையனைத்தும் நாடு செல்வம் படைத்தபின் செய்யப்பட்டவையல்ல. தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று பொருள்களின் ஏற்றுமதியையே நம்பியிருந்த, தொழிற்சாலைகள் மிகச் சிலவே கொண்ட நாடு செய்தவை இவை.

பயன் விரைவில் வெளிப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆயிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 அளவுக்கு இறங்கிற்று. ஆயிரம் பிறப்புகளுக்கு 141 ஆயிருந்த சிசு மரணம் 1950இல் 82 ஆயிற்று. பிறக்குங்கால் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 1946இல் ஏறத்தாழ 43 ஆண்டுகள். 1953இல் 58 ஆண்டுகள். 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 1,500 தாய்மாருக்கு மேல் உயிரிழந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை 40க்குக் கீழே நிற்கின்றது. எழுத்தறிவு 1946இல் நூற்றுக்கு 58 அளவில் நின்று 1981இல் 85ஐத் தாண்டிற்று. நுளம்பை ஒழித்த டி.டி.ரி. மருந்தே இறப்பு வீழ்ச்சிக்கு முழுக் காரணம் எனச் சிலர் வாதித்ததுண்டு. அம்மருந்தின் பங்கு பெரிதே. எனினும் மலேரியா குறைவாயிருந்த பகுதிகளிலும் இறப்பு வீதம் தாழ்ந்தமையை நோக்குமிடத்து, வைத்தியமும் உணவும் கல்வியும் கூடிச் செய்த வேலை அது என்பது தெளிவாம். பொருளியலறிஞர் அமர்த்தியா சென் இலங்கையின் அனுபவத்தைத் தம் ஆய்வுகளிற் பலகாலும் எடுத்துக்காட்டியது இதுபற்றியே.

உரிமைகள் செல்வத்தை உண்டு தீர்ப்பன மட்டுமல்ல. அவை செல்வத்தை ஆக்குவனவுமாம். காய்ச்சலிற் கிடக்கும் உழவனின் வயல் தரிசாகும். எழுத்தறிந்த தாய் பிள்ளையின் நோயைக் காலத்திற் கண்டறிவாள். அவளுடைய பிள்ளைகள் பிழைத்துக் கற்பர். கற்றவர் புதிய தொழில்களைப் பயில்வர். தென்கொரியாவை உதாரணமாகக் காட்டுவோர் அந்நாட்டின் தொழிற்சாலைகளையே பெரும்பாலும் கூறுவர். ஆயின் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு நிலம் உழுவோர்க்குப் பகிரப்பட்டமையும், 1960களில் விரைவான வளர்ச்சி தொடங்குமுன்னரே ஆரம்பக் கல்வி ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் எட்டியிருந்தமையும் கருதத்தக்கன. இதற்கு மறுதலையாக, 1968க்கும் 1973க்கும் இடையில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் அளவில் வளர்ந்த பிரேசிலில் வருமான ஏற்றத்தாழ்வு முன்னையிலும் மிகுந்தது. வளர்ச்சி வந்தால் உரிமை தானே வருமென்னும் கூற்று இவற்றால் ஐயத்துக்குரியதாகின்றது.

அக்கூற்றுக்கு எதிரான மிக வலிய சான்று இலங்கையின் மலைநாட்டிலேயே உள்ளது. சுதந்திரம் பெற்ற காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்திற் பத்தில் ஒன்பது பங்களவைப் பெருந்தோட்டப் பயிர்களே ஈட்டின. இலவசக் கல்விக்கும் வைத்தியத்துக்கும் அரிசிப் பங்கீட்டுக்கும் வேண்டிய பொருளிற் பெரும்பங்கு அவ்வருமானத்தின்மீது விதித்த வரிகளாற் கிடைத்ததே. அவ்வருமானத்தைத் தம் உழைப்பால் ஆக்கியோர் தோட்டத் தொழிலாளர். செல்வம் தானே உரிமையைக் கொணருமாயின், அது முதலிற் சென்று தங்கியிருக்க வேண்டிய இடம் அவர்தம் லயன் அறைகளே.

நிகழ்ந்தது வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் நீக்கிற்று. 1947இற் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாராயினர். 1977இற் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவு செய்யப்படும்வரை இந்நிலை நீடித்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

வாக்கிழந்தமையின் விலை யாது? நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் பல்கிய பல ஆண்டுகளிலும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை தோட்ட நிருவாகங்கள் நடத்திய சிறு பாடசாலைகளே; அவற்றை அரசாங்கம் முறையாக ஏற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். 1973-74இல் உணவு நெருக்கடி தோன்றியபோது, நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் தோட்டங்களிலேயே இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. சுதந்திரமான தேர்தலும் பத்திரிகையும் உள்ள நாட்டிற் பெரும்பஞ்சம் தலையெடுப்பதில்லை என்பது அமர்த்தியா சென் கண்ட முடிபு. அம்முடிபின் மறுபக்கத்தை இலங்கையின் மலைநாடு காட்டிற்று: தேர்தல் நடைபெறும் நாட்டிலும், தேர்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரைப் பசி தேடிச் சென்றது. அதன் சுவடு இன்னும் அழிந்திலது. 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பின்படி நாடளாவிய வறுமை நூற்றுக்கு 4.1, பெருந்தோட்டங்களில் அது 8.8.

உரிமையை மறுப்பது அரசு மட்டுமே எனக் கருதுதலும் பிழையாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கல்வி செழித்தோங்கிய காலத்திலேயே சாதியாற் கீழ்ப்படுத்தப்பட்டோரின் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்திலிருத்தப்பட்டனர். பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க வேண்டுமென்னும் விதி 1930ஐ ஒட்டி வந்தபோது அதனைப் பொறாதோர் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் போன்றோர் அதனை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. பணப் பற்றாக்குறையால் மறுக்கப்பட்ட உரிமையன்று அது. ஆசனம் ஒன்றுக்காகும் செலவு எத்துணைச் சிறிது என்பதை யாவரும் அறிவர். பொருளாதார வளர்ச்சி எவ்வளவுதான் மிகினும், அண்டை வீட்டானைச் சமமானவனாக ஏற்கும் மனம் இல்லாதவிடத்து உரிமை உட்புகாது.

இனி, வழக்கின் மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். கொடுக்கும் வளம் குன்றுமாயின் கேட்கும் வலிமை மட்டும் என் செய்யும்? கொரிய யுத்தத்தின்போது இறப்பர் விலை உயர்ந்து திறைசேரி நிறைந்தது. அவ்விலை வீழ்ந்ததும் பங்கீட்டு அரிசிக்கான மானியச் செலவு தாங்கொணாததாயிற்று. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். பின்வந்த அரசாங்கம் விலையைக் குறைத்தது. மக்கள் தம் உரிமையை அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. ஆனால் அம்மானியத்தைத் தாங்கத்தக்க புதிய உற்பத்தியை எவ்வாறு உருவாக்குவது என்ற வினாவோ அன்றும் பின்னும் போதிய விடை பெறவில்லை. 1946இல் 67 இலட்சமாயிருந்த குடிசனம் 1971இல் 127 இலட்சமாயிற்று. ஏற்றுமதியோ பழைய மூன்று பயிர்களையே பெரிதும் நம்பி நின்றது. கற்ற இளைஞர் பெருகினர். அவர்க்கேற்ற தொழில்கள் பெருகவில்லை.

பெற்ற உரிமை பேணாதவிடத்துத் தேயும் என்பதற்கு மலேரியாவே தக்க உவமை. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். ஒழிந்ததென்றெண்ணி மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1967 தொடக்கம் 1969 வரையான காலத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். மேலும் பல்லாண்டு உழைத்தபின், 2016இலேயே மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. உணவுரிமையும் இவ்வாறே தேய்ந்தது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின், 1979இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வழங்கப்பட்டது. விலைவாசி ஏறியது, முத்திரையின் பெறுமதி அதற்கேற்ப உயர்த்தப்படவில்லை. சட்டத்தில் உதவி இருந்தது. ஆண்டுதோறும் அதனால் வாங்கத்தக்க அரிசி குறைந்தது.

இலவசக் கல்வி, இலவச வைத்தியம் என நாம் வழங்கும் சொற்கள் ஓருண்மையை மறைக்கின்றன. ஒருவர் கட்டணஞ் செலுத்தாவிடினும் அனைவரும் வரியாக அதனைச் செலுத்தியே ஆகவேண்டும். 1990 அளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்காயிருந்த அரசிறை படிப்படியாகக் குறைந்தது. 2019இன் இறுதியில் வரிகள் பெருமளவிற் குறைக்கப்பட்டபின் அது மேலும் வீழ்ந்து 2022இற் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. அவ்வாண்டு ஏப்பிரிலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை நாடு நிறுத்திற்று. வைத்தியசாலைகளில் மருந்து அருகியது; எரிபொருளின்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. உலக வங்கியின் கணிப்பின்படி வறுமை ஓராண்டில் நூற்றுக்கு 13இலிருந்து 25ஆக ஏறியது. எழுபதாண்டுகளாகக் கட்டியெழுப்பிய உரிமைகள் சில திங்களில் ஆட்டங்கண்டன.

அத்தகைய வேளையிற் குடிமகன் எங்குச் சென்று முறையிடுவது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, போதிய உணவு, உடை, உறையுள் ஆகியவற்றை உள்ளடக்கிய வாழ்க்கைத் தரத்தை எல்லாப் பிரசைகளுக்கும் எய்துவித்தலை அரசின் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. ஆயின் 29ஆம் உறுப்புரை அக்குறிக்கோள்களை நீதிமன்றங்களில் வலியுறுத்தல் இயலாதென்று கூறிவிடுகின்றது. இந்தியாவிலும் இத்தகைய கோட்பாடுகள் நேரே வழக்காடற்கு உரியனவல்ல. எனினும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உயிர்வாழும் உரிமையை விரித்துப் பொருள்கொண்டு, 2001இற் பாடசாலைகளிற் சமைத்த மதிய உணவு வழங்குமாறு மாநில அரசுகளைப் பணித்தது. இலங்கையில் 2023 நவெம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் குறிப்பிடத்தக்கது. பொருளாதார நெருக்கடிக்கு ஏதுவான தீர்மானங்களால், முன்னாட் சனாதிபதி உள்ளிட்ட பொறுப்பு வாய்ந்தோர் மக்கள் தம்மிடம் வைத்த நம்பிக்கையை மீறிச் சமத்துவ உரிமையைப் பங்கப்படுத்தினர் எனப் பெரும்பான்மை நீதியரசர்கள் கண்டனர். திறைசேரியை நிருவகித்தலும் மக்கள் உரிமையோடு பிணைந்ததே என்னும் கருத்து அதனாற் சட்டத்தில் இடம்பெற்றது.

இவ்வரலாறு முற்கூறிய இரு சாராருக்கும் விடை பகர்கின்றது. செல்வம் வரும்வரை உரிமைகள் பொறுத்திருக்க வேண்டும் என்பார் 1931 முதல் 1953 வரையான இலங்கையை நோக்குவாராக. வளர்ச்சி தானே உரிமையைக் கொணரும் என்பார் தேயிலை மலைகளின் லயன் அறைகளை நோக்குவாராக. உரிமையை அறிவித்தால் அமையும், பொருள் எவ்வாறேனும் வரும் என்பார் 2022ஆம் ஆண்டை நோக்குவாராக. உரிமை வளர்ச்சிக்கு வேராகவும் வளர்ச்சி உரிமைக்கு நீராகவும் அமைதல் வேண்டும்; இரண்டில் ஒன்றை ஒத்திவைத்த காலங்களில் மற்றதும் வாடிற்று.

ஆதலின் ஓர் அபிவிருத்தித் திட்டம் முன்வைக்கப்படும்போது அதனை மூன்று வினாக்களால் ஆராய்தல் கற்றோர் கடனாகும். இத்திட்டத்தால் விளையும் செல்வம் மக்களின் உணவாகவும் கல்வியாகவும் சுகாதாரமாகவும் மாறும் வழி யாது? அச்செல்வத்தை ஆக்குவோர் அதிற் பங்கு கேட்கும் வலிமையுடையரா? இன்று வழங்கப்படுவது நாளையும் வழங்கப்படுதற்குரிய பொருள் எங்கிருந்து வரும்? இலவசக் கல்வியாற் பயன்பெற்ற ஒவ்வொருவருடைய கல்வியிலும், வாக்குரிமையின்றிக் கொழுந்து பறித்த ஒரு தலைமுறையின் உழைப்புக் கலந்திருக்கின்றது. அக்கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை. அதனைத் தீர்க்கும் வழியை ஆராயும் பொறுப்பிலிருந்து அக்கல்வியைப் பெற்றோர் விலகிநிற்றல் முறையன்று.